எண்ணுவதும் எண்ணிப் பார்ப்பதும்
(எல்லையோரப் பள்ளிகளில் புள்ளியியல் கற்பிக்கும் முறை பற்றிய உரை)



தமிழில் எண்ணுதல் என்னும் ஒரே சொல் இரு செயல்களைக் குறிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொகையிடுவதும் எண்ணுதல். ஒன்றை உள்ளத்தால் ஆராய்வதும் எண்ணுதல். தொகையிடாமல் ஆராய்வது வெறும் பேச்சு. ஆராயாமல் தொகையிடுவது வெறும் கூலிவேலை. இரண்டும் கூடிய இடத்திலேதான் அறிவு பிறக்கும். வள்ளுவப் பெருந்தகை எண்ணையும் எழுத்தையும் கண்ணென்று கூறுமிடத்து எண்ணையே முன்வைத்தார் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஆனால் இன்றைய வகுப்பறைகளில் புள்ளியியல் எவ்வாறு நடக்கின்றது? பத்து எண்களைக் கரும்பலகையில் எழுதுவர். கூட்டு என்பர்; பத்தால் வகு என்பர்; விடையைக் கட்டத்துக்குள் எழுது என்பர். மாணவனும் எழுதிவிடுகிறான். அந்தப் பத்து எண்கள் யாருடைய எண்கள், எவ்விடத்தில் அளந்தவை, விடை எதனைச் சொல்கிறது, எதனை மறைக்கிறது என்னும் வினாக்கள் எழுவதில்லை. முதல் எண்ணுதல் நடந்தது. இரண்டாம் எண்ணுதல் நடக்கவில்லை. இக்குறையை விளையாட்டாகவே நீக்கலாம் என்பதும், அதற்குத் தமிழ்ச்சொற்களே துணை செய்யும் என்பதும் இவ்வுரையின் பொருள்.

இதனை ஓசூரில் பேசுவதற்குக் கரணியம் உண்டு. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் இங்குத் தொழில்வளாகம் அமைத்தபின், சுமையுந்து செய்யும் அசோக் லேலண்டும், ஈருருளி செய்யும் டி.வி.எசும், கைக்கடிகாரம் செய்யும் டைட்டானும் 1980களுக்குள் இங்கு வேரூன்றின. சிற்றூர்ப் பேரூராகக் கிடந்த ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. பழைய சேலம் மாவட்டத்திலும், 1965க்குப் பின் தருமபுரி மாவட்டத்திலும் அடங்கியிருந்த இப்பகுதி, 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டமாக விளங்குகிறது. தொழிற்சாலை வாயிலில் நிற்கும் தொழிலாளர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் படிக்கின்றனர். எல்லைக்கு அப்பால் சில கல் தொலைவில் பெங்களூர். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் பிள்ளைகளும் அதே விசிப்பலகையில் அமர்ந்துள்ளனர். தமிழால் கணக்கும் அறிவியலும் முடியுமா என்னும் ஐயத்தைப் பெற்றோர் நாள்தோறும் கேட்கும் ஊர் இது. அதற்கு விடை மேடைமுழக்கத்தில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது.

இந்த ஐயம் புதியதன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசாசி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது 1916இல் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு கழகம் தோன்றக் கரணியமானார். அதன் பெயரே ‘சாத்திர பரிபாசைச் சங்கம்’ என்று வடசொல்லாய் அமைந்தது வேடிக்கை. அதே 1916இல்தான் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று அன்று முயன்ற அதே இராசாசி, 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழரின் சினத்துக்கு ஆளானார் என்பது வரலாறு. நல்லது செய்தபோது நல்லது என்றும், அல்லது செய்தபோது அல்லது என்றும் குறிப்பதே நேர்மையான கணக்கு. ஆள் பார்த்து எண்ணை மாற்றுதல் கணக்கன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘சராசரி’ என்பது பாரசீகத்திலிருந்து உருது வழியே வந்த சொல். கன்னடரும் அதனையே வழங்குகின்றனர். தெலுங்கர் ‘சகட்டு’ என்பர். தமிழ்ப் பேச்சிலுள்ள ‘சகட்டுமேனி’ அதனோடு உறவுடையது. தனித்தமிழில் இதற்கு வழங்கும் சொல் ‘நிரவல்’. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் இட்டு நிலத்தை ஒப்புரவாக்குவதை உழவர் நிரவுதல் என்பர். இச்சொல் ஒன்றே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும்.

எவ்வாறு? ஐந்து மாணவரை முன்னே அழைத்துத் தரையில் அமர்த்துக. ஒருவன் முன் 3 புளியங்கொட்டை, அடுத்தவள் முன் 7, பின் 4, பின் 10, பின் 6 வைக்க. கூட்டவும் வேண்டா, வகுக்கவும் வேண்டா. மிகுந்தவர் குறைந்தவர்க்குக் கொடுத்து நிரவுங்கள் என்று மட்டும் கூறுக. சிறிது நேரம் இரைச்சல் எழும்; எழட்டும். முடிவில் ஐவர் முன்னும் 6 கொட்டைகள் இருக்கும். அதன்பின் கேட்க: 6க்கு மேல் யாரிடம் எத்தனை மிகுந்திருந்தது? 7இல் ஒன்று, 10இல் நான்கு, ஆக ஐந்து. 6க்குக் கீழ் யாரிடம் எத்தனை குறைந்திருந்தது? 3இல் மூன்று, 4இல் இரண்டு, ஆக ஐந்து. மேட்டு மண்ணும் பள்ளத்து வெறுமையும் ஒத்திருக்கக் காண்பர். நிரவலின் மேலும் கீழும் உள்ள வேறுபாடுகள் ஒன்றையொன்று அழித்துச் சுழியாகும் என்னும் உண்மையைக் கல்லூரியில் குறியீடுகளால் மெய்ப்பிப்பர். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதனைக் கையால் மெய்ப்பித்துவிட்டது. கூட்டி வகுக்கும் முறையை அதன்பின் சொன்னால், அது நிரவும் வேலையைச் சுருக்கிச் செய்யும் வழி என்பது தானே விளங்கும். வீட்டில் பல்லாங்குழி இருப்பின் அதனையே கொணரச் சொல்லலாம். பதினான்கு குழிகளிலும் ஏற்றத்தாழ்வாய்க் கொட்டையிட்டு நிரவினால் அதுவே அடுத்த பாடம்.

ஒரு செய்தி இங்கே தெளிவாக வேண்டும். அரசுப் பாடநூல் ‘கூட்டுச் சராசரி’ என்று அச்சிடுகிறது. தேர்வுத்தாளும் அவ்வாறே கேட்கிறது. எனவே அச்சொல்லை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். சராசரி என்று எழுதிய பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது தமிழ்த்தொண்டாகாது. நிரவலைச் சொல்லிப் பொருளை ஊன்றுக. சராசரி என்பது அதன் வழக்குப்பெயர் என்று உடன் கூறுக. பொருள் விளங்கிய பிள்ளை நாளை நல்ல சொல்லைத் தானே தேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது விளையாட்டு இடைநிலை. ஒன்பது மாணவரை உயர முறைப்படி வரிசையாய் நிறுத்துக. இரு முனையிலிருந்தும் ஒவ்வொருவராய் ஒரே நேரத்தில் அமரச் சொல்க. இறுதியில் நிற்பவர் ஒருவர். அவர் உயரமே இடைநிலை அளவு. அளவுகோல் தேவையில்லை, எண்ணும் தேவையில்லை. இனி, வரிசையில் மிக உயர்ந்த மாணவனை விலக்கிவிட்டு, அவ்விடத்தில் பள்ளியிலேயே உயரமான ஆசிரியரை நிறுத்தி மீண்டும் அமரச் சொல்க. இறுதியில் நிற்பவர் முன்னின்ற அதே மாணவரே. ஆனால் நிரவலைக் கணக்கிட்டால் அது ஏறியிருக்கும். கடைசியில் நிற்பவர் எத்துணை உயர்ந்தவராயினும் இடைநிலை அசைவதில்லை, நிரவலோ அசைகிறது.

இதனைத் தொழில்நகரத்துப் பிள்ளைக்கு ஊதியக் கணக்காக்குக. எடுத்துக்காட்டாக ஒரு பட்டறையில் பத்துப்பேர். ஒன்பது தொழிலாளர்க்குத் திங்கள் ஊதியம் ஆளுக்கு 15,000 உருபா. மேலாளர் ஒருவர்க்கு 1,65,000 உருபா. மொத்தம் 3,00,000. நிரவல் 30,000. எங்கள் பட்டறையில் நிரவல் ஊதியம் முப்பதாயிரம் என்று பலகை எழுதி வைத்தால் அது பொய்யன்று. ஆயினும் அப்பட்டறையில் முப்பதாயிரம் வாங்குபவர் ஒருவருமில்லை! இடைநிலை 15,000 என்று சொன்னால் உண்மைநிலை விளங்கும். தொழிற்சாலை மிகுந்ததால் மாவட்டத்தின் தலைக்குரிய வருமானம் உயர்ந்தது என்று செய்தித்தாளில் படிக்கும்போது, இது நிரவலா, இடைநிலையா என்று பதின்மூன்று அகவைப் பிள்ளை கேட்குமாயின், அப்பிள்ளையை ஏமாற்ற நாளை எவராலும் இயலாது. இப்பாடத்தில் தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒன்று அடங்கியிருப்பது இதனாலேயே.

வடபுலத்தில் இந்தி பேசுவோரிடை ஒரு கதை வழங்குகிறது. கணக்கன் ஒருவன் ஆற்றின் ஆழத்தைப் பல இடத்தில் அளந்து நிரவல் கண்டான். தன் குடும்பத்தார் உயரத்துக்கும் நிரவல் கண்டான். ஆழத்தினும் உயரம் மிகுதி என்று மகிழ்ந்து அனைவரையும் ஆற்றில் இறக்கினான், குடும்பம் மூழ்கியது. கரையில் நின்று கணக்கை மீண்டும் பார்த்தான். கணக்குச் சரியாகவே இருந்தது! தென்பெண்ணைக் கரையில் வாழும் பிள்ளைகட்கு இக்கதையைச் சொல்லி, பிழை எங்கே என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாய்மூடி இருத்தல் வேண்டும். விடையை அவர்களே சொல்வர்.

மூன்றாவது முகடு. கூரையின் உச்சிவரையை முகடு என்கிறோம். எண்களைக் குவித்து வரையும்போது எங்குக் குவியல் உயர்கிறதோ அங்கே முகடு. இதற்கு ஓசூரில் பொருட்செலவின்றி ஒரு விளையாட்டு உண்டு. பள்ளி மதிலின் உட்புறத்தில் பாதுகாப்பாய் நின்று, அரைமணி நேரம் சாலையிற் செல்லும் வண்டிகளின் பதிவெண்ணைப் பார்க்கச் சொல்க. 70 ஓசூர் வண்டி, 24 கிருட்டிணகிரி வண்டி. கருநாடக வண்டிகள் ஒருபுறம், ஆந்திர வண்டிகள் ஒருபுறம், பிற மாநிலத்தவை ஒருபுறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இடுக. எந்தக் கட்டத்தில் கோடு மிகுதியோ அதுவே முகடு. அதன்பின் ஒரு குறும்பு வினா: 70க்கும் 24க்கும் நிரவல் 47, அப்படியானால் இச்சாலையின் நிரவல் வண்டி 47ஆம் எண் ஊரிலிருந்து வந்ததா? வகுப்பு நகைக்கும். எண் போலத் தோன்றுவதெல்லாம் கூட்டத்தக்க எண்ணன்று; சில எண்கள் பெயர்களே. பெயர்க்கு முகடு உண்டு, நிரவல் இல்லை. இந்த ஒன்றை அறியாமல் பிழைபட்ட அறிக்கைகளை எழுதும் படித்தவர் பலர்.

இவ்விடத்தில் கலைச்சொல் பற்றி ஒரு கவலை. தமிழ்நாட்டுப் பாடநூலில் சராசரி, இடைநிலை அளவு, முகடு என்பவை, ஈழத்துப் பாடநூலில் இடை, இடையம், ஆகாரம் என்று வழங்குகின்றன. இங்கே புள்ளியியல், அங்கே புள்ளிவிபரவியல். ஒரே மொழி பேசும் ஈரிடத்துப் பிள்ளைகள் ஒருவர் நூலை ஒருவர் திறந்தால் திகைக்கின்றனர். முகடு என்னும் நல்ல சொல்லை அவர்கள் இங்கிருந்து கொள்ளலாம். இடையம் என்னும் சுருங்கிய சொல்லை இங்குள்ளோர் அங்கிருந்து கொள்ளலாம். இதற்கு மாநாடு வேண்டா. ஆசிரியர் இரு சொல்லையும் வகுப்பில் சொன்னாலே பாதி வேலை முடியும்.

நான்காவது வீச்சு. மிக உயர்ந்த அளவுக்கும் மிகத் தாழ்ந்த அளவுக்கும் உள்ள இடைவெளியே வீச்சு. இது தொழிற்சாலையின் உயிர். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையைச் சார்ந்து பணியாற்றிய வால்ட்டர் சூவார்ட்டு 1924இல் கட்டுப்பாட்டு வரைபடம் என ஒன்றை வகுத்தார். எந்திரம் செய்யும் உறுப்புகளில் அவ்வப்போது சிலவற்றை எடுத்து அளந்து, அவற்றின் நிரவலை ஒரு தாளிலும் வீச்சை மற்றொரு தாளிலும் புள்ளியிட்டு வருவர். புள்ளிகள் எல்லைக்கோட்டுக்குள் அலைந்தால் எந்திரம் ஒழுங்காயிருக்கிறது; வெளியே பாய்ந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். இன்று உலகெங்கும் தொழிற்கூடங்களில் இது நடைமுறை.

இதனை வகுப்பில் நிகழ்த்தப் பழைய தாளும் கத்தரியும் போதும். ஒவ்வொரு குழுவும் அளவுகோலின்றிக் கண்மதிப்பாகப் பத்துச் செந்திமீட்டர் நீளத்தில் ஐந்து தாள்கீற்றுகள் வெட்டுக. பின் அளந்து நிரவலும் வீச்சும் காண்க. கரும்பலகையில் புள்ளியிடுக. மீண்டும் ஐந்து, மீண்டும் புள்ளி. ஒரு குழுவின் நிரவல் சரியாகப் பத்து. ஆனால் ஒரு கீற்று எட்டு, ஒரு கீற்று பன்னிரண்டு என்றிருக்கும். மற்றொரு குழுவின் நிரவல் பத்தரை. ஆனால் ஐந்து கீற்றும் ஏறத்தாழ ஒரே நீளம். எந்தக் குழுவை வேலைக்கு எடுப்பீர் என்று கேட்க. முதலில் அனைவரும் முதற்குழுவையே சொல்வர். ஆராய்ந்தபின், இரண்டாம் குழுவின் கத்தரியைச் சற்றுத் தள்ளி வைத்தால் அனைத்தும் சரியாகும். முதற்குழுவை அவ்வாறு திருத்த இயலாது என்று உணர்வர். குறி தப்பிய கையைத் திருத்தலாம். நடுங்கும் கையைத் திருத்துதல் அரிது.

இப்பாடத்தைத் தமிழில் விளங்கிக் கற்ற பிள்ளை நாளை எந்திரத்தின் முன் நிற்கும்போது, ஆங்கிலத்தில் அச்சிட்ட கட்டங்களில் பிறர் சொன்ன எண்ணை நிரப்பும் கைப்பாவையாய் நிற்காது. வீச்சு ஏறுகிறது, எந்திரத்தைப் பாருங்கள் என்று சொல்லும். தமிழ்நாட்டு மண்ணில் நடக்கும் தொழிற்சாலைகளில் தொழிலாளர் கையாளும் இவ்வரைபடங்களும் காப்புக் குறிப்புகளும் தமிழில் இருத்தல் வேண்டும் என்பது முறையான வேண்டுகோள். அவ்வேண்டுகோள் வலுப்பெற வேண்டுமாயின், அவற்றைத் தமிழில் படித்துப் பொருளுணரும் தலைமுறை முதலில் உருவாதல் வேண்டும்.

ஐந்தாவது, கடைத்தெருப் பலகைக் கணக்கு. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும், ஆங்கிலம் அடுத்தும், பிறமொழி அதற்கடுத்தும் 5:3:2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் உள்ள நெறிமுறை. தமிழ் இல்லை, தமிழ் இல்லை என்று வருந்துவோர் பலர், எண்ணியவர் எத்தனைபேர்? வகுப்பை இரு குழுவாக்குக. பெற்றோரோ ஆசிரியரோ உடன்செல்ல, ஒரே தெருவில் முதல் ஐம்பது பலகைகளை இரு குழுவும் தனித்தனியே எண்ணி வரட்டும். இருவர் தொகையும் ஒன்றாய் இராது என்று எதிர்பார்க்கலாம். ஏன்? ‘பேக்கரி’ என்று தமிழெழுத்தில் எழுதிய பலகையை ஒரு குழு தமிழ் என்று கொள்ளும். மற்றது எழுத்துத் தமிழ், சொல் தமிழன்று என்று விலக்கும். இதுவே புள்ளியியலின் தலைவாயில். எதனை எண்ணுகிறோம் என்று வரையறுக்காமல் எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை எண்ணுவோர் விருப்பத்தின்படி ஆடும். தமிழெழுத்துப் பலகை இத்தனை, தமிழ்ச்சொற் பலகை இத்தனை, அளவுநெறி காத்த பலகை இத்தனை என்று மூன்றாய்ப் பிரித்து எழுதுவது நேர்மை.

இங்கே தமிழ்ப்பற்றாளர்க்கும் ஒரு கசப்பான சொல் உண்டு. ஒரு தெருவை எண்ணிவிட்டு ஊரே இப்படி என்று முழங்குதல் கூடாது. பேருந்து நிலையத் தெரு வேறு, தொழிற்பேட்டைச் சாலை வேறு, தளி நோக்கிய சிற்றூர்க் கடை வேறு. எண்ணிய முடிவு தமிழ்க்கு ஏற்றதாயின் மகிழ்ந்து சொல்க; ஏலாததாயினும் அவ்வண்ணமே சொல்க. பற்றினால் எண்ணைத் திருத்துவோன் பகைவனுக்கே உதவுகிறான். பிழையான ஓர் எண்ணை எதிரி கண்டுபிடித்துவிட்டால், சரியான தொண்ணூற்றொன்பதையும் நம்ப ஆளிராது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் வகுப்புக்குக் கொணரலாம். 2011 (திருவள்ளுவர் ஆண்டு 2042) கணக்கெடுப்பின்படித் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. மிகுந்தது கன்னியாகுமரி, 91.75. தாழ்ந்தது தருமபுரி, 68.54. வீச்சு 23.21. கிருட்டிணகிரி 71.46, மாநில அளவினும் 8.63 குறைவு. தொழிற்சாலை நெருங்கிய மாவட்டம் எழுத்தறிவில் ஏன் பின்தங்கி நிற்கிறது என்னும் வினாவைப் பிள்ளைகள் முன் வைக்க. மாவட்டத்துக்குள்ளும் ஓசூர் ஒன்று, அஞ்செட்டி மலைப்பகுதி ஒன்று என்று அவர்கள் சொல்லக்கூடும். மாவட்ட எண்ணும் ஒரு நிரவலே. அதற்குள்ளும் மேடுபள்ளம் உண்டு என்பது விளங்கிவிடும். ஏழும் அதற்கு மேலும் அகவையுடையார் எந்த மொழியிலேனும் பொருளுணர்ந்து எழுதப் படிக்க அறிந்தால் எழுத்தறிவுடையார் என்பது அக்கணக்கின் வரையறை. ஆகவே தமிழ் படிக்க அறிந்தவர் எத்தனைபேர் என்பதை அவ்வெண் சொல்லாது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனதால், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து சென்றபின்னும் பழைய எண்ணே பேசப்பட்டது என்பதையும் அவர்கள் அறியட்டும்.

இரண்டு மாவட்டத்தின் விழுக்காட்டைக் கூட்டி இரண்டால் வகுத்தால் இரண்டுக்கும் பொதுவான விழுக்காடு வருமா? வராது. நாற்பது பேருள்ள வகுப்பின் நிரவல் மதிப்பெண் 60. பத்துப் பேருள்ள வகுப்பின் நிரவல் 90. இரண்டின் நடு 75 என்பர் விரைவோர். 40 பேரின் மொத்தம் 2,400. 10 பேரின் மொத்தம் 900. ஆக 3,300ஐ 50ஆல் வகுத்தால் 66. மிகுந்தோர் இருக்கும் பக்கம் நிரவல் சாயும். இதனைத் தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் மாற்றுக் கணக்காகவே அறிந்திருந்தனர். உயர்ந்த மாற்றுப் பொன்னும் தாழ்ந்த மாற்றுப் பொன்னும் உருக்கிக் கலந்தால் வரும் மாற்றை, எடையைக் கருதாமல் காண முடியாது அல்லவா?

இறுதியாக, இவ்வியக்கத்தார் உள்ளத்துக்கு நெருங்கிய ஒன்று. கொறுக்கையூர்க் காரிநாயனார் செய்த கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணக்குநூலில் இரு சுவையான வாய்பாடுகள் உள்ளன. பலாப்பழத்தை வெட்டாமலே, காம்பைச் சூழ்ந்துள்ள சிறுமுட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைத்தொகை கிடைக்கும் என்பது ஒன்று. முள் நூறாயின் சுளை நூற்றிருபது. பூசணியின் கீற்றை எண்ணி மூன்றாலும் ஆறாலும் ஐந்தாலும் பெருக்கிப் பாதியாக்கி மூன்றால் வகுத்தால் விதைத்தொகை கிடைக்கும் என்பது மற்றொன்று; சுருக்கினால் கீற்றொன்றுக்குப் பதினைந்து விதை. கீற்றுப் பன்னிரண்டாயின் விதை நூற்றெண்பது.

இவற்றை மேடையில் சொல்லிக் கைதட்டல் பெறுவது வழக்கம். பார்த்தீரா தமிழன் அறிவை என்பர், அவையும் ஆர்ப்பரிக்கும். ஆனால் ஒரு பூசணியை வெட்டி எண்ணிப் பார்த்தவர் எவர்? முன்னோர் வாய்பாட்டை எண்ணிப் பாராமல் போற்றுவது அவர்க்குப் பெருமையன்று. காரிநாயனார் கணக்கர், எண்ணிச் சரிபார்ப்பதையே அவர் விரும்பியிருப்பார்.

எனவே சந்தையிலிருந்து கீற்றுள்ள ஐந்தாறு பூசணிகளைக் கொணர்க. முதலில் வெட்டாமல், ஒவ்வொன்றின் எடையையும் பிள்ளைகள் கண்மதிப்பாகத் தாளில் எழுதித் தரட்டும். 1906இல் இங்கிலாந்தின் பிளிமத்துச் சந்தையில் ஓர் எருதின் இறைச்சி எடையை மதிப்பிட்டோர் எழுதிய 787 சீட்டுகளைக் கால்டன் என்பார் ஆராய்ந்தார். இடைநிலை மதிப்பு 1,207 இறாத்தல். உண்மை எடை 1,198. தனியொருவர் பிழைபடினும் பலர் மதிப்பின் நடு உண்மையை நெருங்கும் என அவர் வியந்தார். வகுப்பின் இடைநிலை மதிப்பையும் துலாவையும் ஒப்பிடுக. பின் கீற்றை எண்ணிப் பதினைந்தால் பெருக்கி எழுதி வைக்க. அதன்பின் வெட்டி, ஒவ்வொரு குழுவும் ஒரு பூசணியின் விதையைப் பத்துப் பத்தாய் அடுக்கி எண்ணுக. வாய்பாடு சொன்ன எண்ணையும் கண்ட எண்ணையும் அருகருகே எழுதுக. வேறுபாட்டின் நிரவல் எவ்வளவு, வீச்சு எவ்வளவு? வாய்பாடு மிகுத்துச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா? இன்றைய விதைவகை வேறாகிவிட்டதா? ஐந்து காய் போதுமா, ஐம்பது வேண்டுமா? முடிவை இங்கே கூறாமல் விடுவதே முறை; அது எண்ணும் வகுப்புக்கு உரியது. விதையெண்ணிய காய் அன்றைய உச்சியுணவுக் குழம்புக்குப் போகும். விதையைக் கழுவி உலர்த்திப் பள்ளித் தோட்டத்தில் ஊன்றினால் அடுத்த ஆண்டுப் பாடத்துக்குக் காய் காய்க்கும்.

வீட்டில் பிறமொழி பேசும் பிள்ளைகளை இவ்விளையாட்டுகளில் பின்னே தள்ளற்க. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி 2006-07 முதல் வகுப்பு வகுப்பாக அவர்களும் தமிழ் கற்க வந்தவர்கள். தமிழில் மூன்று, கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு. தமிழில் நான்கு, கன்னடத்தில் நால்கு, தெலுங்கில் நாலுகு. விதையை அடுக்கும்போது அவரவர் மொழியில் எண்ணட்டும்; முடிவைத் தமிழில் எழுதட்டும். ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் என்பதை எந்தச் சொற்பொழிவையும்விட அந்தப் பூசணிவிதை நன்றாய் உணர்த்தும். பிறமொழிப் பிள்ளையை இகழ்ந்து தமிழை வளர்க்க இயலாது. தமிழில் கற்றால் தெளிவாய் விளங்குகிறது என்று அப்பிள்ளையே சொல்லும்போதுதான் தமிழ் வளரும்.

ஆசிரியப் பெருமக்களே! மேற்சொன்ன எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டா. புளியங்கொட்டை, பழந்தாள், கத்தரி, பூசணி, மதிற்சுவர், இவை போதும். வேண்டுவது ஒன்றே: விடை தெரியாத வினாவை வகுப்பில் எழுப்பும் துணிவு. தமிழால் முடியுமா என்று கேட்கும் பெற்றோரைப் பள்ளிக்கு அழையுங்கள். அவர் பிள்ளை ஊதியக் கணக்கில் நிரவலின் ஏமாற்றை எடுத்துக்காட்டட்டும். தாள்கீற்றில் வீச்சை விளக்கட்டும். அதன்பின் அவர் அந்த வினாவை மீண்டும் கேட்கமாட்டார்.

எண்ணுவோம், எண்ணியதை எண்ணிப் பார்ப்போம், கண்டதைக் கண்டவாறே தமிழில் சொல்வோம்.

வெல்க தமிழ்!